குடிக்காதவனின் தள்ளாட்டம்

நான் குடிக்கிறேன் என்று முதலில் கண்டுபிடித்தவன் என் மனைவியின் தம்பி. மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் தெருமுனையில், விளக்குப் போடும் நேரத்தில், பேக்டரி பஸ்ஸைவிட்டு இறங்கி நான் நடந்து போவதை அவன் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். கால்களை அகட்டி அகட்டி வைத்து, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் போய்க்கொண்டிருந்தேனாம். நடுவில் வலது கால் செருப்பு கழன்று விழுந்ததாம். அதுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு பத்தடி தாண்டிப் போய்விட்டேனாம். விழுந்த செருப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம்.

"இன்னா மாமா," என்று என் காதருகே குனிந்தான். "எத்தினி நாளா நடக்குது இது? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எது?"

"சும்மா இருங்க மாமா. நான் பாக்காத நடையா?"

அவன் பக்கத்துப் பாலகாட்டில் தங்கச் சுரங்க வேலையில் இருந்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் கூட்டாளிகளோடு ஒரு குவார்ட்டர் போடுவான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதை விடச் சொல்லி நான் அவனுக்கு உபதேசம் செய்யாத மாதமே இல்லை. இப்போது நானே அவன் பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு.

"நான் அதத் தொட்டதே இல்லப்பா," என்றேன்.

"சரி, சரி. அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒரு துணித் திரைதான். கரண்டிச் சத்தம் நின்றுபோனதை நானே கேட்டேன்.

நான் சேலம் பக்கத்துக்காரன். இருபத்திரண்டு வயதில் இங்கே பேக்டரி வேலைக்கு வந்தவன். பெரிய மண்வாரி இயந்திரங்களுக்கான பல்சக்கரங்களை மைக்ரோமீட்டரால் அளந்து, சரி, சரியில்லை என்று முத்திரை குத்தும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. எங்கள் குடும்பம் சைவம். போதாததற்குச் சின்ன வயதிலிருந்தே பால், தயிர் வாசனை எனக்கு ஆகாது. என் மனைவி இங்கேயே பிறந்தவள். அவளுடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர். எனக்காக எங்கள் வீட்டில் கறி சமைக்க மாட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலகாட்டில் தம்பி வீட்டுக்குப் போய், ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வருவாள். எங்களுக்குள் அதில் எந்தத் தகராறும் இருந்ததில்லை. தகராறே இல்லாத வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து, நான் வேலை முடிந்து வந்தால் அவள் வாசலிலேயே சொம்புத் தண்ணீரோடு நின்றாள். பதினைந்து வருஷத்தில் இல்லாத உபசாரம். சொம்பைக் கொடுக்கும்போது ரொம்பவும் நெருங்கி வருவாள். மூக்கு லேசாக விடைக்கும்.

"இன்னிக்கி வேல அதிகமாங்க?" என்பாள். நான் பதில் சொல்வதற்காக வாயைத் திறக்க வேண்டும். அதற்குத்தான் கேள்வி.

ஒரு நாள் நான் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தேன். அன்று முழுக்க அவள் பேசவில்லை. வாசனையை மறைக்கத்தான் வெற்றிலை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

எனக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்ததுதான் இதில் வேடிக்கை. கால்கள் பஞ்சின்மேல் நடப்பதுபோல இருந்தன. நாக்கு வழுவழுவென்று சிவந்து, ரசம் பட்டாலே எரிந்தது. மைக்ரோமீட்டரைத் திருகும்போது கடைசியில் 'டிக்' என்று விரலில் ஒரு சின்ன அதிர்வு வரும். அதை வைத்துத்தான் அளவு பிடிப்போம். அந்த அதிர்வை என் விரல்கள் மறந்துபோயின. ஒரே சக்கரத்தை இரண்டு தரம், மூன்று தரம் அளந்துகொண்டிருந்தேன். எல்லாம் அசதி என்று நினைத்தேன். மச்சான் வீட்டு அலமாரியில் சத்து மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. அதை வாங்கி வந்து தினம் ஒன்று போட்டேன். தீர்ந்ததும் அதே மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி, மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் முகம் முழுக்க சோப்பைப் பூசிக்கொண்டு கண்ணை மூடினேன். அவ்வளவுதான். தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப் பிடித்து, அதுவும் கைக்கு அகப்படாமல், குளியலறைச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தவள் கேட்டது ஒரே கேள்வி.

"காலங்காத்தாலயேவாங்க?"

எனக்கு அழுகை வந்தது. கண்ணெரிச்சல் என்று சமாளித்துக்கொண்டேன்.

"வாங்க, டாக்டர்கிட்ட போலாம்," என்றாள் அவள். "அவங்க பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாங்க." நோயை என்று அவள் சொல்லவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். கன்னடக்காரர், ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் ஒரே பாஷை இல்லை என்பதால் நல்ல தமிழ் பேசுவார். என் பாதத்தைக் குச்சியால் கீறிப் பார்த்தார். கவட்டைபோல ஒரு இரும்பைத் தட்டி, அது ரீங்காரம் போடும்போதே என் கட்டைவிரல் எலும்பில் வைத்தார்.

"அதிருதா?"

"இல்லீங்க."

அதையே என் மனைவியின் கையில் வைத்தார். அவள் "அம்மாடி" என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு என்னை எழுந்து, பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். "கண்ண மூடுங்க," என்றார். மூடியதும் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தேன். டாக்டரே பிடித்துக்கொண்டார்.

"குடிப்பீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

டாக்டர் அதற்குமேல் அதைக் கிளறவில்லை. சாப்பாட்டுக்கு வந்தார். கறி? இல்லை. மீன், முட்டை? இல்லை. பால்? தயிர்? மோராவது? இல்லை, இல்லை, இல்லை.

"அப்ப என்னதான் சாப்பிடுவீங்க?"

இதற்கு என் மனைவி முந்திக்கொண்டாள். "புளிக்கொழம்பு, ரசம், கடுங்காப்பி. இதத் தவிர இன்னா வெச்சாலும் இவருக்கு ஆவாதுங்க டாக்டர். பதினஞ்சு வருசமா இதான்."

என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் கேட்டார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது முதல்ல யாருக்கு எழுதிக் கொடுத்தது?"

"மச்சான் சம்சாரத்துக்குங்க."

"எதுக்கு?"

"அது… அவங்க மாசமா இருந்தப்ப."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்துவிட்டார். சந்தேகம் தொடங்கிய அந்த மூன்று வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். இப்படியாவது சிரித்தாளே என்று எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்த மாத்திரைதான் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறது. அதில் போலிக் ஆசிட் இருக்கிறதாம். பி-பன்னிரண்டு என்கிற வைட்டமின் குறைந்தால் வழக்கமாக ரத்தமும் வெளுக்கும், நரம்பும் கெடும். போலிக் ஆசிட் ரத்தத்தை மட்டும் சரிக்கட்டி வைத்துவிடுமாம். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருப்பதாக வரும். அப்படியேதான் வந்தது. ஈரலும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. அந்த வைட்டமினையே அளந்து பார்க்க ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அதுவும் போதும் என்கிற எல்லைக்கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. குறைவு என்றும் சொல்ல முடியாது, நிறைவு என்றும் சொல்ல முடியாது.

"நீங்க பேக்டரிக்காரர்தானே?" என்றார் டாக்டர். "ஒரு மெஷினுக்கு டூல் இல்லேன்னா என்ன ஆகும்?"

"அந்த மெஷினுக்கு முன்னாடி வேலை முடியாத சாமானா குவிஞ்சிடும்."

"ஸ்டோர்ல போய் டூல் இருக்கான்னு எண்ணினா சரியாத் தெரியல. அதனால குவியல எண்ணிப் பாக்கலாம். இந்தச் சத்து இல்லேன்னா ரத்தத்துல ஒரு பொருள் குவியும். அதுக்கு ஹோமோசிஸ்டீன்னு பேரு. போலிக் ஆசிட் குறைஞ்சாலும் அது ஏறும்; ஆனா நீங்கதான் அத மாசக்கணக்கா முழுங்கியிருக்கீங்களே! அதனால ஏறியிருந்தா பி-பன்னிரண்டு மேலதான் எனக்குச் சந்தேகம். ஊசி போட்ட பிறகு அது இறங்கவும் செஞ்சா நிச்சயம்."

அந்தப் பரிசோதனையை அப்போது பெங்களூரில் சில இடங்களில்தான் செய்தார்கள். வெறும் வயிற்றில் போய் அங்கேயே ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, உரிகம் ஸ்டேஷனில் நானும் என் மனைவியும் ரயில் ஏறினோம். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தண்ணீர் தவிர ஒன்றும் தரவில்லை. பெங்களூருக்குத் தினம் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ரயில் அது. பங்காரப்பேட்டை தாண்டியதும் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எதிரே ஒருவர் இட்லியில் மிளகாய்ப்பொடியைக் குழைத்து எண்ணெய் சொட்டச் சாப்பிட்டார். எண்ணெய் சொட்டுவதை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்களும் எடுத்துக்கோங்க சார்," என்று நீட்டினார். என் மனைவி என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெங்களூரில் இறங்கினால், பிளாட்பாரத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டு கூட்டம். எனக்குக் கால் நிதானம் போய்விட்டது. ஒரு தூணைப் பிடிக்கப் போய், பிடி தவறி, ஒரு கான்ஸ்டபிள்மேலேயே மோதினேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனப்பா, பெளிகே பெளிகேனேனா?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்கிறார். குளியலறையில் என் மனைவி கேட்ட அதே கேள்வி, கன்னடத்தில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் எனக்கும் கான்ஸ்டபிளுக்கும் நடுவில் ஒரு பச்சைப் புடவை வந்து நின்றது.

"காஃபீனூ குடிதில்லா சார்!" என்று கத்தினாள் என் மனைவி. காபிகூடக் குடிக்கவில்லை. பிறகு கோபத்தில் கன்னடம் போதாமல் தமிழுக்குத் தாவினாள். "நேத்து ராத்திரிலேருந்து என் கண்ணு முன்னாடியே கீறாரு. பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் எறங்கல. வேணும்னா மோந்து பாருங்க! மோந்து பாருங்க சார்! நரம்பு சீக்குங்க அவருக்கு. சீக்காளிய இப்பிடித்தான் கேப்பீங்களா?"

கான்ஸ்டபிள் மோந்து பார்க்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். "சரி தாயி, சரி தாயி," என்று சொல்லி, எங்களுக்குக் கூட்டத்தை விலக்கி, ஆட்டோ நிற்கும் இடம் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

ஆட்டோவில் அவள் என் முழங்கையைப் பிடித்த பிடியை விடவில்லை. பரிசோதனை முடிவு வருவதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அவளுக்கு அந்தப் பிளாட்பாரத்திலேயே முடிவு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. தன் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டாளே.

ரத்தம் எடுத்த பெண், குழாயை உடனே நொறுக்கிய ஐஸ் நிரம்பிய டப்பாவில் சொருகினாள்.

"இன்னாத்துக்கும்மா ஐஸு?" என்று கேட்டாள் என் மனைவி.

"வெளியே வச்சா ரத்தத்துல அது தானாவே ஏறிடும் அக்கா. அப்புறம் இல்லாத நோய் இருக்கற மாதிரி வரும்."

என் மனைவி அந்த டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்தோம். எனக்கு இட்லி, வடை, மசால் தோசை எல்லாம் அவளே சொன்னாள். நான் பாதி தோசையில் இருந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள்.

"தெனமும் உங்க வாய மோந்து பாத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அந்தச் சாக்குலயாவது கிட்ட வந்து நின்னியே."

"ஐயே," என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள். காது சிவந்துவிட்டது. பிறகு தட்டைப் பார்த்தபடியே, "தப்பு என்னுதுதாங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள். நான் வடையில் பாதியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தேன்.

நாலு நாள் கழித்து, பெங்களூருக்கு வேறு வேலையாகப் போன மச்சான்தான் முடிவை வாங்கி வந்தான். அந்தப் பொருள் இருக்க வேண்டிய அளவைப்போல இரண்டு மடங்குக்குமேல் இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்து, "நெனச்சேன்," என்று மேஜையைத் தட்டினார். அன்றே முதல் ஊசி. மருந்து நல்ல சிவப்பு. "ரோஸ் மில்க் மாதிரி கீது," என்றாள் என் மனைவி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார்கள், பிறகு வாரம் ஒன்று.

மச்சானுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

"அப்ப நெஜமாவே குடிக்கலியா மாமா?"

"இல்லப்பா."

"ஒரு வாட்டிகூட?"

"இல்ல."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். என் மாமாவும் நம்ம ஆள்தான் என்று தன் ஷிப்ட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். கேஜ் என்கிற சுரங்க லிப்டில் ஏறிக் கீழே இறங்கும்போதெல்லாம் இதே பேச்சாம். இப்போது அதைத் திரும்ப வாங்க வேண்டும். ஆனால் அவன் நல்லவன். என் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப்போய், டீக்கடையில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறான். ஹோமோசிஸ்டீன் என்ற வார்த்தையை ஒருவன் 'ஓமா சிஸ்டர்' என்று படித்து, அது எந்த ஆஸ்பத்திரி சிஸ்டர் என்று கேட்டானாம். அடுத்த வாரம் முழுக்க, உன் மாமாவுக்கு ஒரு சிஸ்டரோடு ஏதோ விவகாரமாமே என்று இவனை விசாரித்தார்களாம். குடிகாரப் பட்டம் போய் இது வந்தது. "இதுக்கு அதுவே தேவலாம் மாமா," என்று நொந்துகொண்டான். என் மனைவி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சொம்போடு வாசலில் வந்து நிற்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

நாக்கு முதலில் ஆறியது. கால் அத்தனை சீக்கிரம் வழிக்கு வரவில்லை. முதலில் எறும்பு ஊர்வதுபோல அதிகமாகக் குறுகுறுத்து, எனக்குப் பயமாகிவிட்டது. நரம்பு விழித்துக்கொள்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே ரயிலில், அதேபோல வெறும் வயிற்றோடு போனோம். குவியல் கரைந்து, அளவுக்குள் வந்திருந்தது. கண்ணை மூடி நின்றேன். கொஞ்சம் ஆடினேன், விழவில்லை. வீட்டில் பால் காபி பழகினேன். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதன் பிறகு பேக்டரியில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. யாருக்குக் கால் மரத்தாலும் என்னிடம் வந்து கேட்டார்கள். எங்கள் பிரிவிலேயே இன்னொருவர், அவரும் சைவம், தனக்கும் அதே நோய்தான் என்று அடித்துச் சொன்னார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பெங்களூர்ப் பரிசோதனைக்கே போக வேண்டும் என்றார். வழிகாட்டியாக நான் போனேன். ரயிலில் அவர் பசியால் வாடிய வாட்டத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. முடிவு வந்தது: எல்லாமே சரியான அளவில். மனிதர் முகம் தொங்கிப்போய்விட்டது. "ஒண்ணுமே இல்லியாம் சார்," என்றார், யாரோ எதையோ பறித்துக்கொண்ட மாதிரி.

பிறகு டாக்டர் உட்காரவைத்து விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. தினம் சாயந்தரம் மூன்று மணி நேரம் தரையில் சம்மணம் போட்டுச் சீட்டாடுகிறார். கால் மரக்காமல் என்ன செய்யும்? சீட்டை விட அவர் சம்மதிக்கவில்லை. ஆடும் இடத்துக்கு ஒரு மர ஸ்டூல் செய்து போட்டுக்கொண்டார். மற்ற மூன்று பேரும் தரையில், இவர் மட்டும் உயரத்தில். எல்லார் கையில் இருக்கும் சீட்டும் இவருக்குத் தெரிகிறது என்று அவர்களுக்குள் தகராறு வந்து, கடைசியில் நாலு ஸ்டூல் ஆயிற்று.